ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்: எங்கள் ஐடி டீமுக்கு ஒரு திறந்த மடல்

ஐடி டீம் நண்பர்களுக்கு,

வணக்கம். நம் கணினிகளின் இயங்குதளமான உபுண்டுவை 22.04-இலிருந்து 24.04-க்கு மாற்றியதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, என்றைக்காவது மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு யார் எதற்கு டிக்கெட் (புகார்) போட்டாலும் "பேக்கப் எடுத்துட்டுக் குடுங்க, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று ஒரே பதில் வருகிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அக்கவுண்ட்ஸில் இரண்டாவது மானிட்டர் வேலை செய்யாமல் போனதையே பாருங்கள். கேபிளை மாற்றினீர்கள், அப்புறம் மானிட்டரையே மாற்றினீர்கள். கோளாறு என்விடியா கிராபிக்ஸ் டிரைவரில். 22.04-இல் உபுண்டுவே கையெழுத்திட்டுத் தந்த டிரைவர் மாட்யூல் இருந்தது, இந்த முறை அந்தந்த மெஷினிலேயே மாட்யூலைக் கட்டும் டிகேஎம்எஸ் பேக்கேஜ் போட்டிருக்கிறீர்கள். பூட் ஆகும்போது கையெழுத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால், அந்த மாட்யூலுக்குக் கையெழுத்திட்ட சாவியைத் தனியாகப் பதிய வேண்டும், இல்லையென்றால் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அந்த மாட்யூலை ஏற்றாது. அதைப் பதியத்தான் முதல் ரீபூட்டில் எம்ஓகே (மெஷின் ஓனர் கீ) என்ற நீலத் திரை வருகிறது. சில நொடிகளுக்குள் யாரும் எந்த பட்டனையும் தொடவில்லை என்றால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும். அந்தத் திரை கேட்கும் பாஸ்வேர்டை வைத்தது ராத்திரி ரிமோட்டில் அப்கிரேடு ஓட்டிய உங்கள் ஆள், காலையில் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தது அக்கவுண்ட்ஸ் அக்கா. அவர் என்ன செய்வார், பாவம்? ஃபார்மட் அடித்து அதே டிரைவரைப் போட்டாலும் இதே திரைதான் வரும்.

மற்றவையும் இப்படித்தான். 24.04-உடன் வரும் பைத்தான் 3.12-இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய நூலகம் கிடையாது, அதனால் பழைய ஸ்கிரிப்டுகள் படுத்துவிட்டன. வெளியிலிருந்து சேர்த்த பிபிஏ (கூடுதல் மென்பொருள் களஞ்சியம்) எல்லாவற்றையும் அப்கிரேடே முடக்கிவிடும், திரும்ப இயக்குவது நம் வேலை. சில ஆப்இமேஜ்கள் (ஒரே ஃபைலாக வரும் ஆப்கள்) திறக்காததற்குக் காரணம் 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு கொண்டுவந்த புதுக் கட்டுப்பாடு. பெரும்பாலும் லாக்கிலேயே தெரிந்துவிடும், ஜர்னலை (சிஸ்டம் பதிவேட்டை) திறந்து அந்த பூட்டுக்கான எரர்களை மட்டும் பார்த்தால் போதும். அப்கிரேடு என்னென்ன தூக்கியது, எதை மாற்றியது என்பதுகூட /var/log கீழே dist-upgrade ஃபோல்டரில் கிடக்கிறது.

ஃபார்மட் அடித்தால் உங்களுக்கு டிக்கெட் மூடிவிடும், சரி. எங்களுக்கு அன்றைய வேலை நாள் போச்சு.

வெள்ளிக்கிழமை இரண்டாம் மாடியிலும் இந்த அப்கிரேடை ஓட்டப் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே நிறைய என்விடியா மெஷின்கள். முதலில் ஒன்றில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். மாதக் கடைசி என்பதால் பில்லிங் மெஷின்களை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். எம்ஓகே பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டாவது போங்கள். ஒரே தடவைக்கானதுதானே, உங்கள் செக்யூரிட்டி பாலிசி ஒன்றும் கவிழ்ந்துவிடாது.