தோணியைத் தண்ணி நிறைத்துப் பார்ப்பது பற்றி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. கல்லடியில் பிள்ளைகளுக்குத் துடுப்பு வலிக்கப் பழக்க நாலு பைபர் தோணி வந்தது நல்ல செய்தி. ஒன்றில் தண்ணி நிறைத்துப் பார்த்தோம், மிதந்தது என்று எழுதியிருந்தாய். அதை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிவிடாதே. வெறுந்தோணி மிதப்பது பெரிய விஷயமில்லை. ஆள் இருக்க எவ்வளவு அமிழுது, எந்தப் பக்கம் சரியுது, ஒரு மணித்தியாலம் கழித்தும் அப்படியே நிற்குதா என்றுதான் பார்க்க வேணும்.

பாரத்துக்குத் தண்ணி நிரப்பிய கான் வைத்தீர்களாம். தண்ணிக்குள் அமிழ்ந்த தண்ணிக்குப் பாரமே கிடையாது. மணல் மூட்டையும் ஏமாற்றும், 10 கிலோ மணல் முழுக்க அமிழ்ந்தால் 6 கிலோ சொச்சம்தான் கீழே இழுக்கும். நீந்தத் தெரிந்த பெரிய ஆக்களை உயிர்காப்பு அங்கியோடு இருக்கைப் பலகையில் இருத்து. காற்றில்லாத காலையில், வாவிக்குள் இடுப்பளவு தண்ணியில் செய். முகத்துவாரப் பக்கம் வேண்டாம்.

வாளியால் விளிம்புவரை நிரப்பி, ஆக்கள் அசையாமல் இருக்க, பலகைக்கு மேல் தண்ணி எத்தனை சென்ரிமீற்றர் என்று அள. பந்தயப் படகுகளுக்கு உலகத் துடுப்புப் படகுச் சம்மேளனம் வைத்திருக்கும் அளவில், இருக்கையின் மேற்பரப்பு நீர்மட்டத்துக்கு 5 சென்ரிமீற்றருக்கு மேல் கீழே போகக்கூடாது. உன்னுடையது பந்தயப் படகில்லைதான், ஆனாலும் அந்த அளவை வைத்துக்கொள். பிறகு எல்லாரும் இறங்கி வெளியே பிடித்துக்கொள்ள, ஒருவர் மட்டும் உள்ளே இருந்து அள்ளட்டும். விளிம்பு தண்ணிக்கு மேலே நிற்காவிட்டால் அள்ள அள்ள நிறையும். அப்படியான தோணியைக் கரைக்கு இழுக்கத்தான் முடியும்.

மிதப்பு போதாவிட்டால் கணக்கு இதுதான். பைபரின் அடர்த்தி தண்ணியைப்போல ஒன்றரை மடங்கு, ஆகவே 120 கிலோத் தோணி தண்ணிக்குள் 40 கிலோ. 70 கிலோ ஆக்கள் நாலு பேர் 280. கால், இடுப்பைத் தண்ணி தாங்குவதால் நான் பாதியை எடுப்பேன், 140. ஆக 180. இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் கிட்டத்தட்ட 220 கிலோ. ஒரு லீற்றர் மிதப்புப் பொருள் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும், ஆகவே 220 லீற்றர் வை.

அதை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் பிழைவிடுவது. அடித்தட்டுக்குக் கீழே மட்டும் திணித்தால், தண்ணி நிறைந்ததும் மிதப்பு மேலே வரப் பார்த்துத் தோணியையே கவிழ்க்கும். இரண்டு பக்க விளிம்பை ஒட்டி உயரத்திலும், அணியத்திலும் (முன்மூக்கு) பின்பக்கத்திலும் பிரித்து வை. அணியத்தில் மட்டும் வைத்தால் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு வானம் பார்க்கும்.

ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளை நுரைக்கட்டி) மலிவு, ஆனால் பொலியெஸ்டர் ரெசின் பட்டால் சர்க்கரைபோல் கரைந்து குழியாகும். மேலே மூடிய பைபர் வடிவாக இருக்கும், உள்ளே வெறும் ஓட்டைதான். தடித்த பொலித்தீனில் சுற்றிவிட்டு மூடு. 50 லீற்றர்க் கட்டி கிட்டத்தட்ட 50 கிலோவால் மேலே தள்ளும். நைலோன் கயிறு ஒன்று போதாது, பலகைக்குக் கீழே சட்டம் வைத்து இறுக்கு.

காற்றறை உள்ள தோணி என்றால் மூடியைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணி பூசி, அறைக்குள் வாயால் ஊதக்கூடிய அளவுக்கு மட்டும் காற்று அடை. குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். சோதனை முடிந்து கரையேற்றியபின் அறையைத் தட்டிக் குலுக்கு. உள்ளே சலசலப்புக் கேட்டால் அது தண்ணி.

மாரியில் வாவி நல்லதண்ணியாகும்போது, கடல் தண்ணியைவிடத் தாங்கும் பலம் 2.5 வீதம் குறையும். 220 லீற்றருக்கு 5 கிலோ சொச்சம், அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும்.

நாலு தோணியும் ஒரே அச்சில் வார்த்ததென்று ஒன்றோடு விட்டுவிடாதே. நாலையும் தனித்தனியாகச் சோதித்து அளவுகளை எழுது, பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்