ஜெர்மன் ரயில் கடிகாரம் மாதிரி ஓடும்னு நம்பி டிக்கெட் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை சுற்றுலா பக்கத்துல ஜெர்மனி பத்தி வந்த கட்டுரைய நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு தடவை படிச்சோம், ஏன்னா மே மாசம்தான் நாங்க ரெண்டு பேரும் டூர் கம்பெனி எதுவும் இல்லாம 16 நாள் முழுக்க ரயில்லயே ம்யூனிக், நியூரம்பர்க், பெர்லின், வுப்பர்டால், கொலோன்னு சுத்தி ஃப்ராங்க்ஃபர்ட்ல முடிச்சுட்டு வந்தோம். கட்டுரை நல்லா இருந்துச்சு, படங்களும் அருமை. ஆனா ரயில் எல்லாம் கடிகாரம் மாதிரி ஓடும்னு எழுதியிருந்தது மட்டும் எனக்கு மனசு கேக்கல, அத நம்பி யாராவது அஞ்சு நிமிஷ இடைவெளில வண்டி மாற்ற மாதிரி டிக்கெட் போட்டுட்டா வயசான காலத்துல பெட்டியோட பிளாட்ஃபார்ம்ல ஓட வேண்டியதா போயிடும்.

அது ஒரு காலத்துல உண்மையா இருந்திருக்கலாம். இப்ப நிலைமை வேற. 2024-ல அங்க நீண்ட தூர ரயில்ல 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்திருக்கு, அதுலயும் ஆறு நிமிஷத்துக்குள்ள லேட்டுன்னா அதுவும் நேரத்துக்கு வந்ததா கணக்கு, ரத்தான வண்டி அந்தக் கணக்குலயே வராது. ரொம்ப வருஷமா தண்டவாளம், சிக்னல், பாலம்னு எதுக்கும் போதுமான பணம் போடாம விட்டுட்டாங்க, அதே லைன்ல வண்டிய மட்டும் கூட்டிக்கிட்டே போனாங்க, இப்ப முக்கியமான பாதையா பார்த்து மாசக்கணக்குல மூடி வச்சு சரி பண்றாங்க. 2024 ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும் ஃப்ராங்க்ஃபர்ட் - மான்ஹைம் பாதைய அப்படித்தான் மூடி வச்சிருந்தாங்க. அதனால போறதுக்கு முன்னாடி நம்ம போற பாதைல வேலை நடக்குதான்னு ஒரு தடவை பார்த்துக்கணும், இல்லன்னா பாதி வழில இறக்கி பஸ்ல ஏத்தி விடுவாங்க.

இதுக்காக போகாதீங்கன்னு நான் சொல்ல வரல. தாராளமா போங்க. லேட் ஆகும்னு தெரிஞ்சு போனா அங்க பயணிக்கு இருக்கற உரிமை மாதிரி கையில ஒரு பலம் கிடையாது. அத யாரும் எழுதறதில்லங்கறதுதான் என் குறை.

எங்களுக்கு நடந்ததையே சொல்றேன். பவேரியாவுல ஒரு சின்ன ஊர்ல இருந்து ரீஜனல் ரயில்ல ம்யூனிக் வந்து, அங்க வேகமா போற ஐசிஇ புடிச்சு நியூரம்பர்க் போகணும், நடுவுல 9 நிமிஷம். ரயில் டிக்கெட் போடற ஆப் அப்படிக் காட்டுச்சு, நாங்களும் சரின்னு போட்டோம். ரீஜனல் வண்டி ஒரு சிக்னல்ல நின்னுது, நின்னது நின்னதுதான், 25 நிமிஷம் லேட்டா உள்ள வந்து சேர்ந்தா ஐசிஇ எப்பவோ போயிடுச்சு. எங்க டிக்கெட் ஷ்பார்பிரைஸ்னு சொல்ற சீப் டிக்கெட், அந்தக் குறிப்பிட்ட ரயில்ல மட்டும்தான் செல்லும், அதுக்கு அங்க ட்சூக்பிண்டுங்னு பேரு. வீட்டுக்காரர் முகமே செத்துப்போச்சு, புது டிக்கெட் வாங்கிடலாம்னு பர்ச எடுத்துட்டாரு. கவுன்ட்டர்ல வரிசைல எங்களுக்கு முன்னாடி நின்ன ஒரு பொண்ணு, காலேஜ் படிக்கற வயசு இருக்கும், எங்க ஃபோன வாங்கிப் பார்த்துட்டு, எதுக்கு வாங்கறீங்க, போய் சேர 20 நிமிஷமோ அதுக்கு மேலயோ லேட் ஆகும்னா அந்தக் கட்டுப்பாடு போயிடும், அடுத்து வர்ற எந்த ஐசிஇ-லயும் ஏறிக்கோங்கன்னு சொல்லுச்சு. ஆப்ல கீழ தள்ளிப் பார்த்தா கட்டுப்பாடு நீங்கிடுச்சுன்னு ஜெர்மன்ல அதுவாவே வந்திருந்துச்சு, நாங்கதான் கவனிக்கல. அந்தப் பொண்ணு சொல்லலன்னா அன்னிக்கு ரெண்டு பேருக்கும் முழு விலைல டிக்கெட் எடுத்திருப்போம்.

இது எல்லாத்துக்கும் ஒரே ஒரு நிபந்தனை, முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டா இருக்கணும். காசு மிச்சம்னு ரெண்டு துண்டா தனித்தனியா வாங்கினா முதல் வண்டி லேட்டுக்கு ரெண்டாவது டிக்கெட் பொறுப்பு இல்ல. அதே மாதிரி போய் சேர ஒரு மணி நேரம் லேட்டுன்னா டிக்கெட் காசுல 25 சதவீதம், ரெண்டு மணி நேரம்னா 50 சதவீதம் திருப்பித் தரணும்னு சட்டமே இருக்கு, மூணு மாசத்துக்குள்ள கேக்கணும், நம்ம ஊருக்கு வந்தப்புறம்கூட ஆன்லைன்ல கேக்கலாம். முக்கியமா ஆப்ல வண்டி மாற எத்தனை நிமிஷம் வேணும்னு நாமளே வைக்க முடியும், அன்னிக்கு ராத்திரியே நான் அத 30-ன்னு மாத்தி வச்சேன், அப்புறம் கடைசி வரைக்கும் ஓடவே இல்ல.

அன்னிக்கு அடுத்த வண்டி வர்ற வரைக்கும் வீட்டுக்காரருக்கு முட்டி வலி, பிளாட்ஃபார்ம்ல பெஞ்ச் எல்லாம் ஃபுல்லு. நீல ஜாக்கெட் போட்ட ஒரு வயசான அம்மா தானாவே வந்து கூட்டிட்டுப் போய் உள்ள ஒரு ரூம்ல உட்கார வச்சு தண்ணி குடுத்தாங்க, வண்டி நேரத்துக்கு பெட்டியையும் தள்ளிட்டு கூடவே வந்தாங்க, ஒரு பைசா வாங்கல. பான்ஹோஃப்ஸ்மிஸ்ஸியோன்னு பேரு, சர்ச்சுங்க சேர்ந்து நடத்தறது, 1894-ல பெர்லின்ல ஆரம்பிச்சதாம், பெரிய ஸ்டேஷன்ல எல்லாம் இருக்காங்க. உடம்புக்கு முடியாதவங்க, வண்டி விட்டவங்க, வழி தெரியாதவங்க யாரா இருந்தாலும் கூச்சப்படாம போய் கதவத் தட்டலாம்.

இப்ப நான் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம், அது ஹாம்ங்கற ஸ்டேஷன்.

பெர்லின்ல இருந்து வுப்பர்டால் போக ஐசிஇ ஏறினோம். பெர்லின் ஹாப்ட்பான்ஹோஃப் 2006-ல திறந்த ஸ்டேஷன், மேல ஒரு அடுக்குல ரயில், தரைக்குக் கீழ ஒரு அடுக்குல குறுக்கால ரயில், முழுக்க கண்ணாடி, அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னுட்டோம். வண்டி வந்ததும் பக்கத்துல இருந்த கதவுல ஏறி காலியா இருந்த சீட்ல உட்கார்ந்துட்டோம், அங்க ரிசர்வேஷன் கட்டாயம் இல்ல, டிக்கெட் தனி சீட் தனி. கொஞ்ச நேரம் கழிச்சு டிடிஆர் அம்மா வந்தாங்க, டிக்கெட்ட பார்த்தாங்க, வுப்பர்டாலா, வுப்பர்டாலான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். ரெண்டு விரலயும் ஒண்ணா ஒட்டி வச்சு நீட்டினாங்க, அப்படியே என் முகத்துக்கு முன்னாடி நகத்திக்கிட்டே வந்து, ஹாம்னு சொல்லிட்டு ரெண்டு விரலயும் பிரிச்சாங்க. அப்பதான் உறைச்சுது, இது ஒரு ரயில் இல்ல, ரெண்டு ரயில ஒட்டி ஓட்டறாங்க, ஹாம் ஸ்டேஷன்ல பிரிஞ்சு ஒரு பாதி வுப்பர்டால் வழியா கொலோன் போகுது, இன்னொரு பாதி டார்ட்மண்ட், எஸ்ஸன் வழியா டூஸல்டார்ஃப் பக்கம் போகுது, நாங்க உட்கார்ந்திருந்தது டூஸல்டார்ஃப் பாதி. உள்ளயே நடந்து அந்தப் பாதிக்குப் போக முடியாது, நடுவுல ரெண்டு இன்ஜின் மூஞ்சியும் முட்டிக்கிட்டு நிக்குது, வழியே இல்ல. ஹாமுக்கு முன்னாடி வர்ற ஹனோவர் ஸ்டேஷன்ல இறங்கி பிளாட்ஃபார்ம் மேல நடந்து மாறணும், கொஞ்ச நேரம்தான் நிக்கும். இவருக்கு முட்டி வேற. எதிர் சீட்ல லேப்டாப் வச்சுக்கிட்டு இருந்த பையன் ஒண்ணும் கேக்காம எந்திரிச்சு எங்க பெரிய பெட்டிய தூக்கிக்கிட்டு முன்னாடி ஓட, நான் இவர் கையப் புடிச்சுக்கிட்டு பின்னாடி ஓட, அந்த டிடிஆர் அம்மா கதவுல ஒரு கால் வச்சுக்கிட்டு நாங்க ஏறற வரைக்கும் எங்களையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. பையன் பெட்டிய உள்ள வச்சுட்டு திரும்ப அவன் பாதிக்கே ஓடினான். பேருகூட கேக்க நேரம் இல்ல, நல்லா இருக்கணும் அந்தப் புள்ள.

இது ஹாம்ல மட்டும் இல்ல, பவேரியாவுல மலைப்பக்கம் போற ரீஜனல் ரயிலும் ஹோல்ட்ஸ்கிர்ஷன் மாதிரி ஸ்டேஷன்ல பிரிஞ்சு வேற வேற ஊருக்குப் போகும். அதனால ஏறும்போது கதவு பக்கத்துல போர்டுல போகற ஊரு பேரு பாருங்க, பெட்டி நம்பர் பாருங்க. பிளாட்ஃபார்ம்ல ஏ, பி, சின்னு எழுத்து தொங்கும், எந்தப் பெட்டி எந்த எழுத்துக்கு நேரா நிக்கும்னு போர்டுல காட்டும், சில நாள் வரிசை தலைகீழா வரும் அப்ப அறிவிப்பு குடுப்பாங்க.

இவ்வளவு கஷ்டப்பட்டு வுப்பர்டால் எதுக்குன்னு கேப்பீங்க. அங்க தண்டவாளத்துக்குக் கீழ தொங்கிக்கிட்டு ஓடற ரயில் இருக்கு, ஷ்வேபபான்னு பேரு, 1901-ல இருந்து ஓடுது, 13 கிலோமீட்டருக்கு மேல, பெரும்பாலும் வுப்பர் ஆத்துக்கு மேலயே போகுது, காலுக்குக் கீழ ஆத்துத் தண்ணி. 1950-ல சர்க்கஸ்காரங்க விளம்பரத்துக்காக டுஃபின்னு ஒரு குட்டி யானைய இதுல ஏத்திட்டுப் போயிருக்காங்க, அது மிரண்டு போய் ஜன்னல உடைச்சுக்கிட்டு ஆத்துல குதிச்சிருக்கு, பெரிய அடி இல்லாம பொழச்சுக்கிச்சு. அந்த இடத்த தாண்டும்போது எங்க வீட்டுக்காரர் எந்திரிச்சு நின்னு ஆத்தையே பார்த்துக்கிட்டு வந்தாரு.

அப்புறம் கொலோன் டு ஃப்ராங்க்ஃபர்ட். எல்லாரும் ஐசிஇ-ல ஒரு மணி நேரத்துல போயிடுவாங்க, 2002-ல திறந்த பாதை, 300 கிலோமீட்டர் வேகம், ஆனா ரைன் நதி கண்ணுல படாது, சுரங்கமும் ஹைவேயும்தான். நாங்க கோப்லென்ஸ்ல இறங்கி அங்க இருந்து மைன்ஸ் வரைக்கும் எல்லா ஊர்லயும் நிக்கற ரீஜனல் புடிச்சோம், ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆச்சு. இடது பக்கம் உட்காருங்க, நதி அந்தப் பக்கம்தான். பாறை மேல ஒண்ணு மாத்தி ஒண்ணா கோட்டை, சரிவு முழுக்க திராட்சைத் தோட்டம், எதிர்க்கரைல 132 மீட்டர் உசரத்துல லோரலை பாறை, காவ்ப் ஊருக்கு எதிர்ல ஆத்து நடுவுலயே கப்பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே இன்னொரு தடவை போகலாம்.

ரீஜனல் வண்டிக்கெல்லாம் டாய்ச்லாண்ட் டிக்கெட் இருக்கு, 2023 மே மாசம் 49 யூரோவுல ஆரம்பிச்சாங்க, 2025-ல 58, 2026-ல இருந்து 63. ஒரு ஆளுக்கு ஒரு காலண்டர் மாசம், ஊருக்குள்ள ஓடற பஸ், டிராம், மெட்ரோவும் சேர்த்து, வெளிநாட்டுக்காரங்களும் வாங்கலாம். ஐசிஇ-ல செல்லாது. இது சந்தா, மாசம் 10-ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணலன்னா அடுத்த மாசமும் காசு எடுத்துடுவாங்க, பாஸ்போர்ட்டும் கையில இருக்கணும். இது இல்லாம ம்யூனிக் மெட்ரோல சாதா டிக்கெட் எடுத்தீங்கன்னா பிளாட்ஃபார்ம் போறதுக்கு முன்னாடி மெஷின்ல முத்திரை குத்தணும், கேட் எதுவும் இருக்காது, ஆனா செக்கிங்ல மாட்டினா 60 யூரோ.

ஆசிரியர் ஐயா, கோடை லீவுல புள்ளைங்களப் பார்க்க ஜெர்மனி போற பெத்தவங்க நம்ம வாசகர்ல நிறைய பேர் இருப்பாங்க, அவங்க உங்க சுற்றுலா பக்கத்த வெட்டி வச்சுக்கிட்டுதான் கிளம்பறாங்க, நானும் அப்படித்தான் போனேன். அடுத்த தடவை ஜெர்மனி பத்தி போடும்போது அந்த 20 நிமிஷ விதியையும், ஹாம்ல ரயில் ரெண்டா பிரியும்ங்கறதையும் ஒரு சின்ன பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா ரொம்ப உபகாரமா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி