பித்தளைப் பொத்தானுக்குப் பாலிஷ் வேண்டாம்

ஐயா,

ஞாயிறு இணைப்பில் ஐரோப்பியக் காதல் சித்திரப் பொத்தான்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், பித்தளைப் பொத்தான்களைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் தையல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இத்தகைய பொத்தான்களைச் சேர்த்தும் வருகிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த சித்திரப் பொத்தான்களில் பல, மெல்லிய பித்தளைத் தகட்டை அச்சில் அடித்துச் செய்தவை. என்னிடமுள்ள ஒன்றில், ரோமானியரின் காதல் தெய்வமான சிறகு முளைத்த சிறுவன் கியூபிட் மண்டியிட்டு அம்பைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். ஓரத்தில் ஐவிக் கொடி. பிரியாத அன்புக்கு அதுதான் அடையாளம். சிறகுக்குப் பின்னால் தெரியும் கருமை அழுக்கு அன்று. உருவம் எடுப்பாகத் தெரியட்டும் என்று செய்தவர்களே ஏற்றிய நிறம். பள்ளம் இருண்டு, கன்னமும் முழங்காலும் மட்டும் ஒளிர்வதால்தான் அந்தச் சின்ன வட்டத்துக்குள் ஒரு காட்சியே நடக்கிறது. பாலிஷ் முதலில் கை வைப்பது அந்தக் கருமையில்தான். தொடர்ந்து தேய்த்தால் ஐவி இலையின் நரம்பு போகும், மூக்கு போகும். அப்புறம் கியூபிட் ஏது? சிறகு முளைத்த உருண்டைதான் மிஞ்சும்.

தண்ணீரும் ஆகாது. முன்தகட்டின் விளிம்பை மடித்துப் பின்தகட்டோடு இறுக்கியிருப்பார்கள். இடுக்கில் ஈரம் புகுந்தால் அரிப்பு உள்ளேயே தொடங்கிவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ் போதும். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பொத்தான்களை இவற்றோடு ஒரே டப்பாவில் போடவும் கூடாது. அது சிதையும்போது கிளம்பும் ஆவி உலோகத்தை அரித்துவிடும்.

இன்னொன்று. காதல் பொத்தான் என்றாலே பெண்களின் ஆசைப்பொருள் என்கிறார் கட்டுரையாளர். 18-ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் கண்ணாடிக்கு அடியில் ஓவியம் வைத்த பெரிய பொத்தான்கள் மின்னியது ஆண்களின் கோட்டில். பெண்களின் உடைகளைப் பெரும்பாலும் நாடாவும் ஊசியும் கொக்கியும்தான் பிடித்து நிறுத்தின. ஜோடிப் புறாக்களை மார்பு நெடுகச் சுமந்து நடந்தவர்கள் கனவான்களே! இதை இப்போதைக்கு விட்டுவிடலாம். இதனால் எந்தப் பொத்தானுக்கும் சேதமில்லை.

பாலிஷ் பற்றிய வரிக்கு மட்டும் அடுத்த இணைப்பிலேயே ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை