லோன்காரர் வரும் நாளில் நாங்களும் வருகிறோம்

அன்பான தங்கச்சி,

நீ போனை எடுக்கிறதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, ஊரையும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். உன்னுடைய நிலைமையில் இருக்கிற வேறு யாராவது வாசித்தால் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளட்டும். நம்முடைய கரையோரத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர்.

நீ நம்முடைய மெதடிஸ்ட் கோயிலுக்கு வராமல் விட்டதற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று இரண்டொருவர் என்னிடம் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. உன்னோடு குழுவாக லோனுக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முன் வாங்கில்தான் இருக்கிறார்கள். நீ கட்டாத கிழமைகளில் அவர்கள்தான் தங்கள் கையால் போட்டுக் கட்டினார்கள். ஆராதனையில் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் வரும்போது நீ பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதுபோலக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ வரவே இல்லை.

சரி, இந்தக் கடன் எப்படி வந்தது? உன் மனுசனின் தோணிக்கு எஞ்சின் வாங்க முதல் லோன். வாடைக்காற்று தொடங்கினால் இந்தக் கடலில் மாதக்கணக்கில் தொழில் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். லோனுக்கு மட்டும் அது தெரியாது, கிழமைக்குக் கிழமை கட்டியே ஆக வேண்டும். பிறகு 2022, நாட்டின் பொருளாதாரமே விழுந்த வருசம். எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்க்கு நாட்கணக்கில் வரிசை. அந்த ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாய் ஒரேயடியாக 340 ரூபாய் ஆனது. எஞ்சின் வளவுக்குள் கிடந்தது. முதல் லோனைக் கட்ட இரண்டாவது லோன், அதைக் கட்டக் காப்பு அடகுக்குப் போனது. நீ ஊதாரித்தனம் பண்ணி விழவில்லை. பருவத்துக்கு உழைக்கிறவர்களிடம் கிழமைக்குக் காசு கேட்டால் இப்படித்தான் முடியும். 2021ல் பொலன்னறுவைப் பக்கம் ஹிங்குராக்கொடவில் இதே நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த பெண்களும் உன்னைப் போன்றவர்கள்தான்.

உன்னை அதிகம் குத்தியது ஒரு வசனம் என்று நினைக்கிறேன். "நீ அநேகம் ஜாதிகளுக்குக் கடன் கொடுப்பாய், நீயோ கடன் வாங்காதிருப்பாய்." உபாகமம் 28. வருசப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டையில் அச்சடித்துக் கொடுப்பார்கள், வாசல் நிலையிலும் ஒட்டி வைப்பார்கள். கடன்பட்டவளிடம் அதைச் சொன்னால் அது சாபமாகத்தானே கேட்கும்? அதே உபாகமத்தின் 15ம் அதிகாரம், ஏழு வருசத்துக்கு ஒரு தரம் கடனை விட்டுவிடச் சொல்கிறது. அதை ஒருவரும் அட்டையில் போடுவதில்லை. கடன் வாங்கினவனுக்கு ஒரு வசனமும் கடன் கொடுத்தவனுக்கு ஒரு வசனமும் இருக்க, நாம் ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நீ வாசிக்க வேண்டியது இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் இருந்த ஒருவன் செத்துப்போகிறான். அவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன், அது உங்களுக்கே தெரியும் என்று அவன் பெண்சாதி எலிசா தீர்க்கதரிசியிடம் முறையிடுகிறாள். அப்படிப்பட்டவன் வைத்துவிட்டுப் போனது கடன். கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். எலிசா அவளுடைய விசுவாசத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டான். ஒரு குடம் எண்ணெய் மட்டும். அப்புறம் அவன் சொன்னதை நான் பல தரம் வாசித்திருக்கிறேன்: அயல்வீட்டுக்காரர் எல்லாரிடமும் போய் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே.

யோசித்துப் பார். கடன்காரி ஒருத்தி ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய்ச் சட்டி பானை கேட்கிறாள். எதற்கு என்று கேட்டிருப்பார்கள். ஒழுங்கைக்கே விசயம் தெரிந்திருக்கும். எண்ணெய் வார்க்கும்போது மட்டும் கதவைப் பூட்டிக்கொள்ளச் சொன்னான். கதவைப் பூட்டுவது கேட்டு வாங்கிய பிறகுதான். நீ முதலிலேயே பூட்டிவிட்டாய். அந்த அற்புதம் அயலவர் கொடுத்த பாத்திரங்கள் இருந்தமட்டும் நடந்தது, பாத்திரம் முடிந்ததும் எண்ணெயும் நின்றது. அயலவர் கொடுக்காமல் விட்டிருந்தால்? அந்தக் கேள்வி உனக்கில்லை, சபைக்கு.

நம்முடைய வகுப்புக் கூட்டம் எப்படித் தொடங்கியது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதுவும் கடனில்தான் தொடங்கியது. 1742ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் ஆட்கள் கட்டிய மண்டபத்துக்குக் கடன் நின்றது. கடனை எப்படி அடைப்பது என்று பேசினார்கள். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி போடலாம் என்றார் ஃபோய் என்ற கப்பல் கப்டன். ஏழைகளால் அதுகூட முடியாதே என்று ஒருவர் சொன்னார். அதற்குக் கப்டன், மிகவும் ஏழையான பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றாராம். அப்படிப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு தலைவர். தலைவர்மார் காசு சேர்க்க வீடு வீடாகப் போனபோதுதான் யார் பட்டினி, யார் குடிக்கிறான், எந்த வீட்டில் சண்டை என்று தெரியவந்தது. இதைத்தான் நான் இவ்வளவு நாளும் தேடினேன் என்று வெஸ்லி கண்டுகொண்டார். கிழமைக்கு ஒரு தரம் கூடி, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 1814ல் மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தது அந்த மரபைத்தான். பாவம், மனைவியைக் கப்பலிலேயே பறிகொடுத்துவிட்டு வந்த மனுசன், அடுத்த வருசமே இங்கே இறந்துபோனார்.

உன்னுடைய லோன் குழுவும் பெண்கள், கிழமைக்குக் கிழமை கூடுகிறார்கள், காசு சேர்க்கிறார்கள். முடியாதவளுக்கு மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதுகூட அங்கே சட்டம். கப்டன் தானாக ஏற்றுக்கொண்டார், உங்களை மாட்டிவிட்டிருக்கிறார்கள். அதனால் அந்த மூன்று பேருக்கும் உன்மேல் கோபம் இருக்கிறது. நியாயமான கோபம்தான், அவர்களில் ஒருத்தியின் தோடும் அடகில் இருக்கிறது. அவர்களுக்குக் கோபமே இல்லை என்று நான் உனக்குப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அதில் ஒருத்தி போன கிழமை, "அவள் சாப்பிட்டாளோ தெரியாது" என்று என்னிடம் கேட்டாள். கோபமும் அக்கறையும் ஒரே வாயில்தான் வந்தது.

பெரிய அழிவு வந்தால் நமக்கு என்ன செய்வதென்று தெரியும். 2004 சுனாமியில் கடற்கரையோர நாவலடியிலிருந்து ஓடி வந்தவர்களுக்கு உலை வைக்கத் தெரிந்தது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது எந்தச் சபை என்று பாராமல் ஊரே அழுதது. மெதுவாக, கிழமைக்குக் கிழமை ஒரு வீட்டைத் தின்கிற அழிவுக்கு நாம் இன்னும் பழகவில்லை. "ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தக் குறை சபையினுடையது, நீ அதைச் சுமக்க வேண்டாம்.

"ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று பவுல் எழுதியது கலாத்தியாவில் இருந்த சபைகளுக்கு. சீஷத்துவம் என்றால் நாலு மணிக்கு எழும்பி வேதம் வாசிப்பதும் உபவாசம் இருப்பதும்தான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அதுவும் வேண்டும். ஆனால் இயேசு சீஷர்களை ஊருக்குள் அனுப்பும்போது இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். உன்னால் இப்போது ஜெபிக்க முடியவில்லை என்றால் விடு, வகுப்பில் சும்மா இரு, நாங்கள் ஜெபிக்கிறோம். பாட்டும் பாட வேண்டாம்.

சபை உன் கடனை அடைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவ்வளவு காசு நம்மிடம் இல்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன். எல்லா லோனையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம், முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நம்முடைய வகுப்பில் இருக்கிறார், தவணையைக் குறைத்துக் கேட்க உன்னோடு அலுவலகத்துக்கு வருவார். பிள்ளைகளின் டியூசன் காசை இரண்டு வீடுகள் பார்த்துக்கொள்ளும். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, மூன்றாவது லோனுக்குக் கையெழுத்துப் போடாதே.

இன்னொன்று. இரவில் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தால், அந்த நேரமே எனக்கு எடு, எத்தனை மணி என்று பார்க்காதே. எனக்குக் கிடைக்காவிட்டால் 1926க்கு எடு, அது மனநல உதவிக்கான தேசிய இலக்கம். அந்த எண்ணம் வந்தது பாவம் என்று பயந்து மறைக்காதே. எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்டவன்தான். தேவதூதன் அவனுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு வகுப்பு, இந்த முறை என்னுடைய வீட்டில். அந்த மூன்று பேரில் ஒருத்தி வருவாள், அதையும் சொல்லிவிட வேண்டும். லோன் புத்தகங்களையும் அடகுச் சீட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வா. வர மனமில்லாவிட்டால் பரவாயில்லை. திங்கட்கிழமை லோன்காரர் வரும் நேரத்துக்கு முன் நானும் இன்னொருவரும் உன் வீட்டில் இருப்போம். அவர் பின்னேரம் வரைக்கும் கதிரையில் குந்தியிருந்தால் நாங்களும் இருப்போம். தேத்தண்ணிக்குச் சீனி கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
உன் வகுப்பு அக்கா