பொங்கலுக்கு வர்றப்ப நம்ம ஸ்கூலுக்கும் வா பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பேரு போடல, ரெண்டு வரி படிச்சாலே உன்னத்தான் சொல்றேன்னு உனக்குத் தெரிஞ்சிடும். உன்ன மாதிரியே டெல்டா கிராமத்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சு இன்ஜினியர் ஆகி சென்னை, ஓசூர்னு இருக்குற மத்த பொண்ணுங்களும் படிக்கட்டும்னுதான் பொதுவுல எழுதுறேன்.

நம்ம ஸ்கூல் பத்தாவதோட சரி. கணக்கு, சயின்ஸ்ல முன்னாடி நிக்கிறது பொண்ணுங்கதான், ஆனா பிளஸ் ஒன் குரூப் எடுக்குறப்போ நல்லா படிக்கிற புள்ளைங்களே கணக்க விட்டுடுதுங்க. கணக்கு குரூப்புக்கு டவுனுக்குப் போகணும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கும், அது முடிஞ்சா ஏழு மணி பஸ்ஸுதான், டிக்கெட்டு இப்போ ஃப்ரீ, அது சரி, ஆனா மெயின் ரோட்டுல இறங்கி வாய்க்கா கரையோரமா இருட்டுல ஊருக்குள்ள நடக்கணுமே, எந்த அப்பா சரின்னு சொல்லுவாரு, பக்கத்து ஸ்கூல்ல என்ன குரூப் இருக்கோ அது போதும்னு முடிச்சிடுறாங்க. அப்புறம் பிளஸ் டூவுல போயி இன்ஜினியரிங் படின்னு யாரு சொல்லி என்ன பிரயோஜனம். அதனாலதான் ஒம்போதாவது, பத்தாவது புள்ளைங்கள நீ வந்து பாக்கணும்னு கேக்குறேன்.

மேடை, மைக், சால்வை எதுவும் வேணாம். தன்னம்பிக்கை பேச்சு எல்லாம் நிறைய கேட்டுடுச்சுங்க, கை தட்டிட்டு போயிடுதுங்க. நீ பாக்குறது சென்சார் வேலை. தை மாசம் நம்ம புள்ளைங்க வீட்டுல என்ன பேச்சு ஓடும்? டிபிசில, அதான் அரசாங்க நெல்லு கொள்முதல் நிலையத்துல, ஈரப்பதம் எவ்வளவு காட்டுச்சுங்கறதுதான். 17 சதவீதம் தாண்டுனா எடுக்க மாட்டாங்க, திரும்ப களத்துல கொட்டி காய வைக்கணும், ராத்திரி பனிக்கு படுதா போட்டு மூடிட்டு அப்பா அங்கயே படுத்துக்குவாரு. ஈரப்பதம் அளக்குற அந்த மீட்டருக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் யாருக்கும் தெரியாது.

ஒரு மல்டிமீட்டர் எடுத்துட்டு வா. ஒரு டம்ளர்ல நல்லா காஞ்ச நெல்லு, இன்னொண்ணுல ராத்திரி ஊற வச்சு வடிச்ச நெல்லு, ரெண்டுலயும் தகடு சொருகி ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட எவ்வளவு தடுக்குதுன்னு, பாக்கச் சொல்லு. ஈர நெல்லுல நம்பர் எவ்வளவு கீழ இறங்குதுன்னு அதுங்களே பாக்கட்டும். அத வெயில்ல பரப்பி, கொஞ்சம் கொஞ்சமா காய விட்டு மறுபடி மறுபடி அளந்து கிராஃப் போடட்டும். மீட்டர் பொண்ணுங்க கையில இருக்கணும், இத அழுத்திச் சொல்றேன். பசங்களோட சேத்து விட்டா அவனுங்க மீட்டரப் புடிச்சுக்குவானுங்க, இவங்க ரீடிங் எழுதுற ஆளா ஆயிடுவாங்க, லேப்ல வருஷா வருஷம் பாக்குறது இதான்.

அப்புறம் வளர்மதி பத்தி சொல்லு. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட இருக்குற அரியலூர்ல பொறந்தவங்க, 2012ல இஸ்ரோ விட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளுக்கு திட்ட இயக்குநர். சாதா கேமரா மேகத்துக்கு கீழ எதையும் பாக்காது, ரிசாட் தானே ரேடார் அலைய அனுப்பி திரும்பி வர்றத வாங்கிக்கும், மேகமும் ராத்திரியும் அதுக்குத் தடையே இல்ல. தண்ணி தேங்கி நிக்கிற இடம் படத்துல கருப்பா விழும். ஐப்பசி கார்த்திகை மழையில சம்பா முங்கிப் போயி கணக்கெடுக்க யாரும் வரலன்னு அல்லாடுற ஊர் புள்ளைங்களுக்கு இதோட அருமை நல்லாவே புரியும். அவங்க 2023ல தவறிட்டாங்க, நம்ம புள்ளைங்களுக்கு அவங்க பேரே தெரியலங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

இன்னொரு முக்கியமான வேண்டுகோள், உங்க அப்பாவையும் கூட்டிட்டு வா. சாயங்காலம் பெத்தவங்களையும் வரச் சொல்றேன். ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சா இன்ஜினியரிங்ல 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சேந்தா ஃபீஸும் ஹாஸ்டலும் அரசாங்கம் கட்டுது, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா தனியா வருதுன்னு நான் சொன்னா தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. "கரண்டு வேலையெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு டீச்சர்"னு கேக்குறவங்ககிட்ட, கைக்குழந்தையோட புருஷன இழந்த லலிதா 1943லயே கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல எலக்ட்ரிக்கல் முடிச்சாங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். அவங்க நம்புறது பக்கத்து தெரு ஆளத்தான். உன்ன ஹாஸ்டல்ல விட்டப்போ சொந்தக்காரங்க என்ன பேசுனாங்க, எப்படி சமாளிச்சாரு, இப்போ என்ன நெனைக்கிறாருன்னு உங்க அப்பா உக்காந்து சொன்னா போதும். பேச வராதும்பாரு, பரவால்ல, நான் கேள்வி கேக்குறேன்.

லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்குற அன்னைக்கே வந்துடு, மாடல் எக்ஸாம் ஆரம்பிச்சிட்டா எச்எம் விட மாட்டாங்க. நெல்லு நான் ஊற வச்சிடுறேன். மீட்டர் மட்டும் அஞ்சாறு கிடைச்சா நல்லாருக்கும், ஒண்ணு வச்சிட்டு நாப்பது புள்ளைங்க வரிசையில நிக்கக் கூடாது.

உன் சயின்ஸ் டீச்சர்