மதப் பட்டியலையே நீக்கக் கேளுங்கள்: கிருஷ்ணகிரி, தர்மபுரி வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். ஊத்தங்கரைப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2019இல் என் வகுப்பில் படித்த, இலங்கைத் தமிழர் அகதி முகாமைச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான். பிறந்த ஊர் என்ற இடத்தில் 'ஊத்தங்கரை' என்று குண்டு குண்டாக எழுதினான். அடுத்தது நாட்டுரிமை. பேனாவை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. "என்ன எழுதட்டும் ஐயா?" என்று கேட்டான். "இலங்கை என்று எழுதப்பா" என்றேன். அவன் இலங்கையைப் பார்த்ததே இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில்தான் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறித்தவர் ஆகியோருக்குக் குடியுரிமை பெற வழி திறந்தது. முஸ்லிம் என்ற சொல் அதில் இல்லை. இலங்கையும் இல்லை. எதிர்த்து இருநூறுக்கும் மேற்பட்ட மனுக்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் வாய்தா ஓடியது. 2024 மார்ச் 11 அன்று விதிகளும் வந்துவிட்டன.

உங்களில் சிலரே என்னிடம் சொன்னதுண்டு: "முகாமில் பெரும்பாலோர் இந்துக்கள்தானே, அவர்களையும் சேர்க்கக் கேட்டால் காரியம் முடிந்துவிடும்." 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் அந்தத் திசையில் கருத்துச் சொல்லியிருப்பதும் தெரியும். அந்தப் பரிவை மதிக்கிறேன். ஆனாலும் அந்த வாதத்தை எடுக்காதீர்கள், சட்டத்திலுள்ள மதப் பட்டியலையே நீக்கக் கேளுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். முகாமில் ஒரு வீட்டுச் சுவரில் முருகன் படம் என்றால் அடுத்த வீட்டில் வேளாங்கண்ணி மாதா. 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரக் கெடுவில் துரத்தினார்கள். அவர்களில் ஒருவர் இன்று இங்கே அடைக்கலம் கேட்டால் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்? நம்மவரையும் சேர் என்று மனுப்போட்டால், மதம் கேட்பது சரிதான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு 'எந்த நபருக்கும்' சமத்துவத்தை மறுக்கக் கூடாது என்கிறது. 'குடிமக்களுக்கு' என்று அதைச் சுருக்கவில்லை.

அமெரிக்காவில் 2017இல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாட்டவரின் வருகைக்கு டிரம்ப் தடை போட்டார். அந்த வழக்கில், திருத்தி எழுதப்பட்ட ஆணை 2018இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தப்பியது. ஆணையில் மதத்தின் பெயர் இல்லை என்பது அரசுக்குக் கைகொடுத்தது. நம் சட்டத்திலோ மதங்களின் பெயர் அச்சிலேயே நிற்கிறது. இதைவிடத் தெளிவான சான்று உங்களுக்கு வேறென்ன வேண்டும்?

உங்கள் கைக்கு எட்டுகிற வேலையும் ஒன்று உண்டு. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்கும்படி 2022இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். 2024இல் அந்தப் பெண் வாக்களித்தார். அந்த வழக்கில் தேதி பார்த்தார்கள், பிறந்த இடம் பார்த்தார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்த்து முடிவு செய்யவில்லை.

2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் சிறைக்குப் போகாமல் இருப்பதும் குடிமகனாக இருப்பதும் ஒன்றாகுமா?

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மாவட்ட முகாம்களுக்கும் வாருங்கள். தகரப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருக்கும் பிறப்புச் சான்றுகளைப் பிரித்துப் பாருங்கள். அந்த மாணவனின் தாய் 1984இல் மண்டபத்தில் பிறந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் பிறந்தது 2003இல். தாயோ தந்தையோ குடிமக்களாக இருந்தால் போதும் என்று சட்டம் சொன்ன காலம் அது. தாய் குடிமகள் என்றால் மகனும் குடிமகன்தானே? அப்படியானால் அன்று நான் எழுதச் சொன்னது தவறு. அந்தத் தாயின் சான்றிதழிலிருந்தே தொடங்குங்கள். நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
ஊத்தங்கரை