விதிச் சண்டைக்குத் தனிக் குழு

மக்களே, ‘20 விழுந்தா எதுவும் நடக்குமா’ விவாதம் மறுபடியும் நள்ளிரவைத் தாண்டிடுச்சு. நாம ஆடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி, கதாபாத்திரமா மாறி ஆடுற கதை விளையாட்டு) 2014 விதியிலும் சரி, 2024 விதியிலும் சரி, தாக்குதலுக்கு உருட்டும்போது 20 முகப் பகடையில 20 விழுந்தா, எதிரியோட கவச எண் (அவரை அடிக்க எட்ட வேண்டிய எண்) எவ்வளவா இருந்தாலும் அடி விழும், கிரிட்டிக்கலும் (கூடுதல் சேதம்) உண்டு. ஆனா பூட்டைத் திறக்கவோ, ராஜாகிட்ட பேசிப்பேசியே மகுடத்தை வாங்கவோ உருட்டுறதுக்கு அந்தச் சலுகை கிடையாது. இலக்கு 25, உங்க போனஸ் 3-ன்னா, 20 விழுந்தும் மொத்தம் 23தான், தோல்விதான். (பார்டு, அதாவது பாட்டாலயும் பேச்சாலயும் காரியம் சாதிக்கிற பாணர் கதாபாத்திரம் ஆடுறவங்க கோச்சுக்காதீங்க.)

குணமாக்கும் மருந்து விஷயத்துல ரெண்டு கட்சியும் சொன்னது சரி. 2014-ல் குடிக்க ஒரு ஆக்‌ஷன் (உங்க முறையில செய்யுற முக்கியச் செயல்) போயிடும். 2024-ல் போனஸ் ஆக்‌ஷனே (அதோட கூடச் செய்யுற சின்னச் செயல்) போதும், பக்கத்துல விழுந்து கிடக்கிறவருக்கு ஊட்டவும் அதேதான். அதனால கேள்வி கேட்கும்போது எந்த வருஷத்து விதின்னு முதல் வரியிலேயே போடுங்க. பாதிச் சண்டை அங்கேயே அடங்கிடும்.

ஆட்டம் நடக்கும்போது டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) சொல்றதுதான் முடிவு. தீர்ப்பு தப்புன்னு தோணினா செஷன் முடிஞ்சதும் பக்க எண்ணோட வாங்க. நடு ஆட்டத்துல ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி அவரை மடக்குற வேலை வேண்டாம், ப்ளீஸ்.

அரட்டைக்குத் தடையில்லை. மினியேச்சர் படம், பகடை புலம்பல், செத்துப்போன கதாபாத்திரத்துக்கு அஞ்சலி எல்லாம் பழையபடி இங்கேயே. விதி வாதம் மட்டும் இனி ‘விதிமேடை’ குழுவுல. லிங்க் மேலே பின் பண்ணியிருக்கேன்.

— அட்மின்